அப்பாவின் இரண்டாவது கணக்கு

2015ஆம் ஆண்டு டிசம்பர். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பு, இன்னொன்று வணிக நிர்வாகம். சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைத்தேன்.

மாமா பிஸ்னஸ் கட்சி. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிரீஸும் ஸ்பேனரும்?" என்றார். (அந்த ஒரு வார்த்தைக்காகவே பொறியியலை எடுத்துவிடலாம் போலிருந்தது.) அம்மாவுக்கு, தாமானில் "எங்க மக இன்ஜினியர்" என்று சொல்லிக்கொள்ள ஆசை. கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. பணம் அவருடையது. டிப்ளோமாவுக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் அப்படியே நின்றது. மிச்சமிருந்தது அவருடைய இ.பி.எஃப். இரண்டாவது கணக்குதான். அப்போதெல்லாம் சேமிப்பில் 30 விழுக்காடுதான் அதில் சேரும். ஒழுகும் அடுப்படிக் கூரைக்காக அதை அவர் தொடாமல் வைத்திருந்தார்.

பல்கலைக்கழக ஆலோசகர், "எதை எடுத்தாலும் ஒரு வருசம் குறையும்" என்று வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் கேட்டபோது கதை வேறு. பழைய பாடம் புதிய பாடத்தோடு 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். குறைந்தது ‘சி’ வாங்கியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பொறியியலில் ஏறக்குறைய ஓராண்டு குறைந்தது. வணிகத்தில் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் என்று ஒரு பருவத்துக்குத்தான் விலக்கு. நான்கில் ஒன்று போனால் மூன்று; மூன்றில் அரை போனால் இரண்டரை. பொறியியல் கட்டணம் அதிகம். ஆனால் பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டம் இருந்தால்தான் பின்னாளில் பொறியாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள முடியும். அந்தக் கதவை மூடினால் மூடியதுதான்.

எல்லாக் கணக்கும் போட்டேன், ஒன்றைத் தவிர. வெப்ப இயக்கவியலில் நான் வாங்கியது ‘டி’. அதை வீட்டில் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலை அப்பாவே எடுத்துப் பார்த்துவிட்டார்.

"பயந்து ஓடுறியாம்மா, இல்ல பிடிச்சுப் போறியா?"

"ரெண்டும்தான்பா."

பிடித்துப் போனதற்கும் காரணம் இருந்தது. தொழில்துறைப் பயிற்சியின்போது ஓர் இயந்திரம் ஒன்பது நாள் நின்றது. கோளாறு எதுவென்று பொறியாளர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மாற்ற வேண்டிய பேரிங் ஸ்டோரில் இல்லை. எல்லாரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அந்த ஒன்பது நாள்தான் உறுத்தியது. யார் ஆர்டர் போடவில்லை? ஒன்றை வாங்கி வைத்திருந்தால் என்ன செலவு? நின்றதால் என்ன நட்டம்? ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு இதையே பேசியிருக்கிறேன். அவருக்கு அது ஞாபகம் இருந்தது. "அப்ப அதையே படி" என்றார். மறுவாரம் இ.பி.எஃப். அலுவலகத்தில் வரிசையில் நின்றார்.

முதல் பருவம் பாடாய்ப் படுத்தியது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பற்று, வரவு எழுதினேன். விநியோகச் சங்கிலி பாடம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இன்று ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பொறியாளர்கள் கேட்கும் உதிரிப்பாகம் எதற்கென்று எனக்குப் புரியும். அதனால் சண்டை குறைவு. ஆனாலும் என்னோடு டிப்ளோமா படித்தவள் வாரியத்தில் பதிவு பெற்ற படத்தை அனுப்பியபோது, வாழ்த்து எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி அதே மேசையில் இரண்டு தாள்களோடு உட்கார்ந்திருக்கிறான். எது நல்லது என்று கேட்கிறான். எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு என்று எழுத்தில் வாங்காமல் பதிவுக் கட்டணம் கட்டாதே என்றேன். மதிப்பெண் பட்டியலையும் கேட்டிருக்கிறேன். இன்னும் காட்டவில்லை.

அடுப்படிக் கூரையை 2021இல்தான் மாற்றினோம். பணம் நான் கொடுத்தேன். அப்பா பாதியைத் திருப்பித் தரப் பார்த்தார்.