கிர்காவ் தடுப்பில் நின்றவர்

இரவுச் சோதனையில் நிற்கும் போலீசார் முதலில் வண்டியின் விளக்கைத்தான் படிப்பார்கள். எதிரே வருபவர் அதைத் தாழ்த்துகிறாரா, வேகத்தைக் குறைக்கிறாரா, தடுப்பைக் கண்டதும் தயங்குகிறாரா என்பதை வைத்தே அடுத்த அடி எடுப்பார்கள். 2008 நவம்பர் 26 நள்ளிரவு தாண்டி மும்பை கிர்காவ் சௌபாத்திக்கு வந்த ஸ்கோடா காரின் விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிந்தன. முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியபடி வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியக் கூடாதென்று செய்த ஏற்பாடு. அனுபவமுள்ளவர்களுக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

இரண்டு பேர் காரைப் பறித்துக்கொண்டு வருவதாக வயர்லெஸ்ஸில் ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. டி.பி. மார்க் காவல் நிலையத்தார் சாலையை மறித்து நின்றார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயணிகளைச் சுட்டுக் கொன்று, காமா மருத்துவமனை அருகே ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய அதிகாரிகளையும் கொன்றுவிட்டு வந்தவர்கள் அந்த இருவர். தடுப்புக்குச் சற்று முன்னால் நின்ற கார், திரும்ப முயன்று சாலை நடுத்தடுப்பில் மோதியது. இருவரில் ஒருவனான இஸ்மாயில் கான் சுட்டான். போலீசார் திருப்பிச் சுட்டதில் அவன் வீழ்ந்தான். மறுபக்கம் இறங்கிய மற்றவன் அஜ்மல் கசாப் சரணடைபவனைப் போலத் தெரிந்தான்.

அவனை நோக்கிப் பாய்ந்தவர் ஏ.எஸ்.ஐ. துக்காராம் ஓம்ப்ளே. கையில் இருந்தது லத்தி. கசாப் தூக்கிய ஏகே-47 துப்பாக்கியின் குழலை அவர் கைகளால் பற்றிக்கொண்டார்.

குழலைப் பிடித்துவிட்டால் சுடுவது நின்றுவிடாது. விசை எதிராளியின் விரலில்தான் இருக்கிறது. அந்தக் குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்தவர் தீர்மானிக்கலாம். ஓம்ப்ளே அதைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். குண்டுகள் வயிற்றில் பாய்ந்தும் பிடி தளரவில்லை. அந்தச் சில நொடிகளில் சக போலீசார் நெருங்கி, லத்திகளால் அடித்துக் கசாபை மடக்கினார்கள். ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு 1991இல் மும்பை போலீசில் சேர்ந்தவர் ஓம்ப்ளே. துப்பாக்கி மனித உடலை என்ன செய்யும் என்று அறியாதவரில்லை. தெரிந்தேதான் பிடித்தார். தியாகம் என்ற ஒரே சொல்லில் இதை அடக்கிவிட மனம் வரவில்லை. இதில் தொழில் தெரிந்த கையும் இருக்கிறது.

மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கியவன் கசாப் ஒருவன்தான். கராச்சியிலிருந்து கடல்வழியே வந்த பாதையும் பயிற்சி கொடுத்தவர்கள் பற்றிய விவரமும் அவன் வாயிலிருந்தே வெளிவந்தன. ஒருவன் பிடிபட்டதால்தான் நீதிமன்றக் கூண்டில் நிறுத்த ஒருவன் இருந்தான். 2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

ஓம்ப்ளேவுக்கு 2009இல் அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2021இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட தாவும் சிலந்தி இனம் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் ‘ஐசியஸ் துக்காராமி’ என்று பெயர் வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவரின் நினைவு உயிரியல் ஏடு வரை போய்ச் சேர்ந்திருப்பது நெகிழ வைக்கிறது.

ஓம்ப்ளேவைப் போலப் பணியில் உயிர்விட்டவர்களை நினைவுகூர ஆண்டுதோறும் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினரால் 10 போலீசார் கொல்லப்பட்ட நாள் அது. மைதானத்தில் ‘ஷோக் சஸ்த்ர’ என்று கட்டளை ஒலித்ததும் துப்பாக்கி முனைகள் தரை நோக்கும், தலைகள் தாழும். அந்த ஆண்டு பணியில் இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். பதவி, பெயர், மாநிலம் என்று பட்டியல் வேகமாக நகர்ந்துவிடும். வரிசையில் அசையாமல் நிற்கிற இளம் காவலருக்கு அதிலிருந்து தொழில் சார்ந்து எதுவும் கிடைப்பதில்லை. இந்தக் குறை தீர வேண்டும். ஒவ்வொரு பெயரோடும், அவர் அன்று எங்கே நிறுத்தப்பட்டிருந்தார், உடன் எத்தனை பேர், குண்டு துளைக்காத அங்கி இருந்ததா, கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று இரண்டு வரி சேர்த்து வாசிக்கலாம். மைதானத்தில் முன்வரிசை நாற்காலிகளில் இருப்பவர்கள்தான் அடுத்த ஆண்டுக்கான தளவாடப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர்கள்.