ஐந்தாம் பாகம்

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் விடாது தூறிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு ஐந்தருவிக்குச் சென்றிருந்தோம். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியை நோக்கி ஓட, கல்லூரியில் முதலாண்டு பயின்ற என் மகள் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவள் மடியில் 'ஹாரி பாட்டர்' வரிசையின் ஏழாவது நூல் மூடிக் கிடந்தது. ஜூலை 21 அன்று உலகெங்கும் ஒரே நாளில் வெளியான நூல். தோழியரிடையே கைமாறி அவளிடம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

"முடிந்துவிட்டதா?" என்றேன்.

"முடிந்துவிட்டது அப்பா. இனி நான் எதற்காகக் காத்திருப்பது?" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

சிரித்திருக்க வேண்டியவன் நான், சிரிக்க இயலவில்லை. முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்பு அதே ஐந்தருவியின் ஓரத்தில், ஒரு பாறையின்மேல், மூடிய புத்தகத்தோடு நானும் அப்படித்தான் அமர்ந்திருந்தேன்.

தென்காசியில் எங்கள் வீட்டில் மாலைச் செபமாலை முடிந்ததும் அக்காள் 'பொன்னியின் செல்வன்' வாசிப்பாள். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் எழுதிய பெருங்கதை அது. அடுத்த வீட்டு அத்தை, இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் அவர்களின் ஓவியங்கள் கசங்காமல் தைத்து, ஐந்து கட்டுகளாக வைத்திருந்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கினோம். 'புது வெள்ள'மும் 'சுழற்காற்'றும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் ஓடிவிட்டன. ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், பெரிய பழுவேட்டரையருக்கு ஒரு குரல் என்று அக்காள் வாசிப்பதைக் கேட்க அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்துவிடுவார். 'கொலை வாள்' பாதியில் நிற்கையில் திருநீற்றுப் புதன் வந்தது. தவக்காலத்தில் தொடர்கதை கூடாது என்று அப்பா அந்தக் கட்டைப் பரணில் ஏற்றிவிட்டார். உயிர்ப்பு ஞாயிறு பிற்பகலில் அதை இறக்கிய வேகத்தை இன்று எண்ணினாலும் நாணமாக இருக்கிறது. காலையில் பூசை கண்டு வந்த பக்தி முழுவதும் பரணேறிவிட்டது!

'மணிமகுடம்' மே மாதக் கடைசியில் முடிந்தது. ஜூன் மாதத்தில் அக்காள் மதுரையில் உள்ள ஒரு கன்னியர் மடத்தில் சேரப் புறப்பட்டாள். வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்திதான். எனக்கும் தெரியும். ஆனால் ஐந்தாம் பாகம் மீதமிருக்கும்போதே போய்விடுவாள் என்று நான் எண்ணவில்லை. இரயில் நிலையத்தில் அவள் சொன்னாள்: "தம்பி, நீ வாசித்து முடித்துவிடு. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா என்று மட்டும் எனக்கு எழுது."

அப்போது நான் பாளையங்கோட்டையில் புகுமுக வகுப்பு மாணவன். ஆகஸ்டு 15, விண்ணேற்பு விழா அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடுமுறைக்கு வந்தவன் 'தியாகச் சிகர'த்தை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குச் சென்றேன். ஒரே ஆறு பாறை விளிம்பில் ஐந்தாகப் பிரிந்து விழுகின்ற இரைச்சலில் இறுதி அத்தியாயங்களை வாசித்தேன். தாள்கள் சாரலில் நனைந்தன. அத்தையிடம் அதை மறைத்துவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முடிந்ததும் முதலில் ஒரு பெருமிதம்: இவ்வளவு பெரிய கதையை முடித்துவிட்டேன்! அடுத்த கணமே வெறுமை. வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வந்த அந்த வாலிபனோடு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்த பிறகு, நாளை மாலை என்ன செய்வது? அதன்மேல் சினம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று ஆசிரியர் அறுதியிட்டுக் கூறவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று குறிப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். பேதை மணிமேகலை மலராய் உதிர்கிறாள். அருள்மொழிவர்மர் கைக்கு வந்த மகுடத்தைப் பிறர் தலையில் சூட்டுகிறார், நாடே வாழ்த்துகிறது. எனக்கு மட்டும் வாழ்த்தத் தோன்றவில்லை. விட்டுக்கொடுப்பவரை எல்லோரும் போற்றுகிறார்கள். அவரோடு சேர்ந்து தாமும் எதையோ இழக்கின்ற வீட்டாரை யார் கேட்கிறார்கள் என்று பாறைமேல் இருந்து நான் குமுறியது சோழ நாட்டுக்காக அன்று.

அக்காள் கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கட்டில் இல்லை. கதை அத்திருமணத்தைக் காட்டாமலே நின்றுவிட்டது. 'தெரியவில்லை' என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதியிருக்கலாம். மடத்தில் கடிதங்களைத் தலைமைச் சகோதரி வாசித்த பின்பே கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுதாமலே இருந்தேன். ஒரு மாதமன்று, இரண்டு ஆண்டுகள்.

1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிட்டபோது ஐந்து பாகங்களையும் வாங்கினேன். ஐந்தாம் பாகத்தின் இறுதியில் ஒரு முடிவுரை இருந்தது! பிற்பாடு யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று வாசகர்களின் ஐயங்களுக்கு ஆசிரியரே அதில் விடை கூறுகிறார். குந்தவையின் மணமும் அங்கே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே குறிக்கிறது. அத்தையின் கட்டில் அந்தக் கடைசித் தாள்கள் இல்லாமற்போயிருந்தன. உடனே அக்காளுக்கு எழுதியிருக்கலாம். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து எந்த முகத்தோடு எழுதுவது?

2023 ஏப்ரலில் அக்கதையின் திரைப்படத்தினது இரண்டாம் பகுதி வெளிவந்தது. மே மாதத்தில் அக்காளை மடத்தில் சென்று கண்டேன். அறுபத்தேழு வயது, முழங்கால் வலி, குரல் மட்டும் அப்படியே இருந்தது. படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, பேச்சோடு பேச்சாக, "அவர்களுக்குத் திருமணம் நடந்ததாம், அக்கா" என்றேன்.

அவள் நெடுநேரம் சிரித்தாள்.

"எனக்குத் தெரியாதா, தம்பி? கல்லூரி விடுதியிலேயே ஐந்து பாகமும் வாசித்துவிட்டேன். உங்களுக்காகத்தான் வீட்டில் மறுபடி வாசித்தேன். அத்தை வைத்திருந்ததில் கடைசித் தாள்கள் கிடையாது என்பதும் தெரியும்."

"பிறகு ஏன் என்னைக் கேட்டாய்?"

"நீயாகக் கடிதம் எழுதுகிற பிள்ளையா? ஏதாவது கேட்டால்தானே எழுதுவாய்!"

மாலை மணி அடித்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தவள், ஐந்தருவியில் இவ்வாண்டு தண்ணீர் எப்படி என்று கேட்டாள். இன்னும் சாரல் தொடங்கவில்லை, தொடங்கியதும் எழுதுகிறேன் என்றேன்.