அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

மிற்சுபிஷி லான்சர் எவலூஷனின் வேகத்தைப் புகழ்வோர் பலர். அதன் எண்ணெயைப் பற்றிப் பேசுவோர் சிலரே. 1996 முதல் 1999 வரை பின்லாந்தின் டொமி மக்கினன் தொடர்ந்து நான்கு முறை உலக ரலி சம்பியனானது இக்காரில்தான். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, இரண்டு லீற்றர் டேர்போ எஞ்சின்.

அவ்வெஞ்சினின் சிலிண்டர் கட்டை வார்ப்பிரும்பு. மிகை அழுத்தத்தையும் பொறுத்துக்கொள்ளும். டேர்போவின் தண்டோ நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்வது. அதனை ஏந்தி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். விரைந்தோடி வந்த கையோடு எஞ்சினை அணைத்தால் எண்ணெயோட்டம் நின்றுவிடும். தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகித் தாங்கியைக் கெடுக்கும்.

கொழும்பில் நண்பரொருவர் பாவித்த எவலூஷன் ஒன்றை வாங்கி, இவ்வாறே டேர்போவை இழந்தார். மாற்றுவதற்கு மனைவியின் காப்புகள் அடகுக்குப் போயின. காரை அவர் குறை சொல்லவில்லை. தமது அவசரத்தையே நொந்துகொண்டார். இப்போது வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். அந்த உறுமலுக்கு அயலவர் முகஞ்சுளிப்பது வேறு கதை.