முதற் பொம்மை

என் பேத்திக்குப் பதினான்கு மாதம் நிறைந்து, கைக்கெட்டியதையெல்லாம் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கிற பிராயம் வந்துவிட்டபடியால், தலையணை உறையையும் காலி மைலோ டின்னையும் அவள் ஒரே வாஞ்சையோடு தூங்கவைப்பதைக் கண்ட என் மனைவி, “பிள்ளைக்கு ஒரு பிள்ளை வாங்கிக் கொடுங்களேன்” என்று சொல்ல, அதைத் தலைமேற்கொண்டு நவராத்திரிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை காலையில் நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டேன்.

ஆதியில் செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, பின்பு ரயில்வே ஊழியர்களின் வாசஸ்தலமாய் வளர்ந்து, 2010 அக்டோபரில் இந்தியா, மலேசியா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் வந்து ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்த அந்தப் பேட்டையில், துன் சம்பந்தன் சாலை நெடுகிலும் பூமாலை, பட்டுப்புடவை, பலகாரம் ஆகியவற்றின் நடுவே கொலுப் பொம்மைகள் அட்டைப்பெட்டிகளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. நான் தேடியது மரப்பாச்சி. கலியாணச் சீரோடு ஜோடியாய்ப் புக்ககம் வந்து, கொலுவில் தவறாமல் ஓர் இடம் பெற்று, மற்ற நாட்களில் வீட்டுக் குழந்தைகளின் கையில் புரண்டு, பல் முளைக்கிற ஈறுகளுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையாய் ஈடுகொடுத்த அந்தச் செம்மரப் பொம்மையைவிட உசிதமான முதற் பொம்மை தமிழ்க் குழந்தைக்கு வேறில்லை என்பது என் எண்ணமாயிருந்தது.

கடைக்காரர் ராஜா ராணி ஜோடி ஒன்றை எடுத்துவைத்தார். நல்ல கனம், நல்ல செந்நிறம். கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து ராஜாவின் முதுகில் தேய்த்தேன். துணியில் சிவப்பு ஏறிவிட்டது. செம்மரமாகிய செஞ்சந்தனத்தின் இயற்கைச் சாயம் சாராயத்தில் கரையுமேயன்றிப் பச்சைத் தண்ணீரில் எளிதில் கரைவதன்று. ஆகவே இது வேறேதோ வெளிறிய மரத்துக்கு ஏற்றிய சாயம் என்று நிச்சயித்துக்கொண்டேன். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆந்திரத்து மலைக்காடுகளில் கள்ளக் கோடரிக்கு இரையாகி அருகிவிட்ட அந்த மரத்தை, 1995 முதல் சர்வதேச வாணிப உடன்படிக்கை கட்டுப்பாட்டில் வைத்திருக்கையில், அசல் செம்மரத்தில் செதுக்கிய பொம்மை கடல் கடந்து வந்து சேருவது சுலபமான காரியமன்று.

இன்னொரு கடையில், பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணுமாய் மெத்தென்றிருந்த ஒரு பொம்மையை எடுத்து, அதன் கண்ணை இரண்டு விரலால் பிடித்துச் சற்றே திருகினேன். கண் என் கையோடு வந்துவிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கிறவர்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளையொன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் முழுவதும் அடங்கிவிடுகிற எந்தத் துண்டையும் ஆகாதென்று தள்ளிவிடுவார்கள். குழந்தையின் தொண்டைக்கு அந்த உருளை பிரதிநிதி. என் உள்ளங்கையில் கிடந்த நீலக் கண்ணோ, அதற்குள் மூன்று நான்கு சேர்ந்தே அடங்கக்கூடிய அளவில் இருந்தது.

அப்பொழுது என் மருமகள் சொல்லியிருந்த ஒரு தையற்கார அம்மையாரின் ஞாபகம் வரவே, சென்ட்ரலில் கோமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவரை போட்ட பழைய தடத்தை ஒட்டிய பிரயாணம் அது. ஒரு காலத்தில் அப்பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள். இன்று பெரும்பாலும் வீடுகளும் தொழிற்சாலைகளும்.

தெங்கு கிளானா சாலையில், மாலை கட்டுகிறவர்களைத் தாண்டி, ஒரு கடைவீட்டின் மரப்படியேறினால் அவருடைய தையலறை. அறுபதைக் கடந்தவர், ரவிக்கை தைப்பது ஜீவனம், பொம்மை தைப்பது சாயங்காலத்து வேலை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

“விடியறதுக்கு முன்னாலேயே அம்மா மரம் சீவப் போயிடுவாங்க ஐயா. எங்களை ஆயாக் கொட்டகையிலே விட்டுட்டுப் போவாங்க. ஏணையிலே அழுவுற பிள்ளைக்கு அம்மா சேலைத் துணியிலே ஒரு பொம்மை கட்டிக் குடுத்தா, அந்த வாசனைக்கே அழுகை அடங்கிப்போயிடும்” என்றார்.

பேசிக்கொண்டே கைவேலையைத் தொடர்ந்தார். மாநிறப் பருத்தித் துணியில் ஒரே அச்சாக இரண்டு துண்டு வெட்டி, நல்ல புறம் உள்ளே வரும்படி சேர்த்து, ஓரத்தை எந்திரத்தில் ஓட்டியபின், கழுத்து, கக்கம், தொடைச்சந்து ஆகிய இடங்களில் மட்டும் மறுபடியும் கையால் கெட்டித் தையல் போட்டார்; குழந்தை பொம்மையைத் தூக்குவது எப்பொழுதும் ஒரு கையையோ காலையோ பிடித்துத்தான் என்பதை அவர் கண்டுவைத்திருந்தார். விலாவில் விட்டுவைத்த இரண்டு விரற்கடை வாயின் வழியே முழுவதையும் புறம் திருப்பி, சீனர்கள் சாப்பிடும் குச்சியொன்றின் மழுங்கிய முனையால் பாதம்வரை பஞ்சைச் செலுத்தினார். இலவம்பஞ்சுதானே என்று கேட்டேன்.

“அது தலையணைக்கு நல்லது ஐயா. வாயிலே வைக்கிற பொம்மையை வாராவாரம் துவைக்கணும். இலவம்பஞ்சு நனைஞ்சா கட்டிகட்டியாயிடும், உள்ளே ஈரம் காயாது. இது பாலியெஸ்டர்ப் பஞ்சு” என்றார். பழமையில் பற்றுள்ள எனக்கு அந்தப் பதில் முதலில் ருசிக்கவில்லை. யோசித்தபோது நியாயம் அவர் பக்கமே இருந்தது.

கண்ணும் வாயும் நூலாலேயே பூத்தையல்; மணியில்லை, பொத்தானில்லை. கூந்தலுக்கும் கம்பளி நூலைத் தொங்கவிடாமல், கறுப்பு நூலால் தலையோடு தலையாக அடர்ந்த முடிச்சுத் தையல். நீள நூல் பிள்ளையின் விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்தம் கட்டிவிடும் என்றார். தைத்து முடித்து வைத்திருந்த ஒன்றை என்னிடம் நீட்டி, “தலையைப் பிடிச்சு இழுங்க” என்றார். என் பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன், நூலிழை அசையவில்லை.

அந்த மாநிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர், 1940களில், கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்க, மிகப் பல குழந்தைகள் வெள்ளையையே சுட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தள்ளிய அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் வருஷத்துத் தீர்ப்பில் அந்த ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் தமிழர் கடையில், தமிழ்க் குழந்தைகளுக்கென்று அடுக்கியிருந்த அலமாரியில், பொன்னிறக் கூந்தலில்லாத ஒரு மெத்துப் பொம்மையும் என் கண்ணில் படவில்லை. மரப்பாச்சி ராஜாவும் ராணியும் நம் நிறத்தவர்களாய் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த நிறத்தைக் கையில் எடுத்தவராக இந்த அம்மையாரைத்தான் கண்டேன்.

அவர் கேட்ட விலை நாற்பது வெள்ளி. ஒரு பொம்மைக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது என்று அவர் சொல்லக் கேட்டபின், பேரம் பேச எனக்கு நா எழவில்லை. என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு முழம் கொடுத்தனுப்பினால் பொம்மைக்குச் சட்டை தைத்துத் தருவதாகவும் சொன்னார், மறுவாரமே கொடுத்தனுப்பினோம்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எங்கே, எந்தப் பொம்மை வாங்கினாலும், காசு கொடுக்குமுன் ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். கண்ணையும் கையையும் பிடித்து ஒரு தரம் பலமாய் இழுத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் தையல் தெரிந்த ஓர் அம்மாள் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள்.