நாற்காலிகளைத் திருப்பிப் போட்ட கதை



பொங்கலன்று நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு "டீச்சர், வீட்டை இடிச்சுக் கட்டினீங்களா?" என்று கேட்டவர்கள் பதினைந்து பேராவது இருக்கும். ஓசூரில் இருக்கும் அக்கா மகள், "சித்தி, அந்த இன்டீரியர் ஆளோட நம்பர் அனுப்புங்க" என்கிறாள். இடிக்கவும் இல்லை, ஆளும் வரவில்லை. மொத்தச் செலவு 3,630 ரூபாய். தனித்தனியாகப் பதில் எழுத என் கட்டை விரலுக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு 1994-ல் கடன் போட்டுக் கட்டியது. முன்கூடம் பதினாறுக்குப் பதினொன்று. எங்கள் பக்கம் பெரியவர்கள் ஆசாரம் என்பார்கள், இப்போது எல்லோருக்கும் ஹால்தான். வந்து போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: மூன்று சுவரையும் ஒட்டி வரிசையாக நாற்காலி, நடுவில் வெறும் தரை, எதிரே டிவி, மேலே இரண்டு டியூப் லைட். நடுவில் இடம் விட்டதற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அங்கேதான் விளையாடினார்கள். மழைக்காலத்தில் துணி காய்ந்ததும் அங்கேதான். கடைசியில் என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தபோது, வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில் பதினான்கு மாதம் அந்த இடத்தில்தான் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அவர் போனார். கட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா", "பையன் எப்ப வர்றான்" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். பாசம் இல்லாமலா? அப்படி நினைத்து மனசு சோர்ந்துபோன நாட்களும் உண்டு. ஆனால் அதே ஆட்கள் வழியனுப்பப் போகும்போது கேட்டருகில் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். செருப்பைப் போட்ட பிறகுதான் மகனுக்குப் பெண் பார்க்கும் கதை, நிலத் தகராறு, முட்டி வலி எல்லாம் வரும். வெயிலில் நின்றுகொண்டு பேசுகிறவர்கள் ஃபேன் காற்றில் உட்கார்ந்து பேச மாட்டேன் என்கிறார்கள் என்றால், கோளாறு ஆட்களிடம் இல்லை, அறையில்தான் இருக்கிறது என்று பட்டது.

சின்ன மகளின் பெண்ணுக்கு ஏழு வயது. லீவுக்கு வந்தவள் சோபாவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "அம்மாயி, இங்க டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். மகள் அதட்டினாள். நான் சொன்னேன், "அதட்டாத, அவ சரியாத்தான் பாத்திருக்கா."

மகன் பங்குக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆளை அனுப்பினான். நல்ல பையன்தான், லேசர் வைத்து அளந்தான். ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவருக்கு வால்பேப்பர், டிவிக்குப் பின்னால் பலகை என்று 2,80,000 ரூபாய் எழுதிக் கொடுத்தான். ஒன்பதரை அடி உயர அறையில் கூரையை இன்னும் கீழே இறக்கினால் ஃபேன் யார் தலையில் சுற்றும் என்று கேட்டேன். "டிசைன்ல வந்துரும் மேடம்" என்றான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்கு வழி காட்டியது பழைய வகுப்பறைதான். 2007-ல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது உங்களில் சிலர் இரண்டாம் வகுப்பில் இருந்தீர்கள். அதற்கு முன் நாங்கள் மேசைக்குப் பின்னால், பிள்ளைகள் வரிசையாக எங்களைப் பார்த்தபடி. அது வந்த பிறகு பாய் விரித்து வட்டமாக உட்கார வேண்டும், டீச்சரும் கீழேதான். சுவரில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், அட்டைகளை அடுக்கியே எங்கள் இடுப்பு ஒடிந்தது. ஆனால் வரிசையில் இருந்தவரை வாயே திறக்காத பிள்ளைகள் வட்டத்தில் உட்கார்ந்ததும் பேசினார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் மாறவில்லை, உட்கார்ந்த விதம்தான் மாறியது.

என் ஆசாரம் பழைய வகுப்பறை மாதிரியே இருந்தது. டீச்சர் இடத்தில் டிவி.

முதலில் நாற்காலிகளைச் சுவரிலிருந்து பிரித்தேன். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவில் ஒன்பது, பத்தடி. அவ்வளவு தூரத்தில் மனசில் இருப்பதைச் சொல்ல முடியாது, சத்தம் போட்டு நலம் விசாரிக்கத்தான் முடியும். சோபாவை ஒரு பக்கம் விட்டு, அதன் முனைக்கருகில் இரண்டு நாற்காலியைத் திருப்பி 'ட' வடிவத்தில் போட்டேன். முட்டிக்கும் முட்டிக்கும் நாலடிக்குள். நேருக்கு நேர் போட்டால் இன்டர்வியூ மாதிரி இருக்கிறது. 'ட' போட்டால் முகத்தைப் பார்க்கவும் முடிகிறது, சங்கடமான பேச்சு வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. அதில் ஒரு நாற்காலி கைப்பிடி வைத்தது, உயரம் ஒன்றரை அடி. என் வயதுக்காரர்கள் தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழும்போது இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்திலேயே சிலர் "பரவால்ல, நிக்கறேன்" என்பார்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. மீதி இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

டிவியைத் தூக்கிப் போடவில்லை, பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். எட்டு மணிக்கு எதிர்வீட்டு அக்கா சீரியல் பார்க்க வருவார், அது தனிச் சட்டம்.

அடுத்தது விளக்கு. பல்பு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 6500 கே என்றோ 3000 கே என்றோ போட்டிருக்கும். கே என்றால் கெல்வின். ஆறாம் வகுப்புப் பாடம் இல்லை, மறந்தால் பரவாயில்லை. எண் கூடக் கூட ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும், குறையக் குறைய மஞ்சளாகும். நாம் பெரும்பாலும் வாங்குவது 6500. அரிசியில் கல் பொறுக்க அதுதான் நல்லது. ஆனால் அதை உச்சியில் போட்டு அடியில் ஆளை உட்கார வைத்தால், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோரும் நோயாளி போலத்தான் தெரிவார்கள். டியூப் லைட் இரண்டையும் கழற்றவில்லை. கூடவே மூலையில் இருந்த சுவர்விளக்குகளுக்கு 3000 கே எல்இடி, ஒன்பது வாட், மூன்று பல்பு 330 ரூபாய். நாற்காலிக்கருகில் ஒரு மேசை விளக்கு 750. சாயங்காலம் ஆறரைக்கு மேல் டியூப்பை அணைத்துவிட்டு இவற்றைப் போடுகிறேன். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது முகம் முகமாகத் தெரிகிறது.

சித்தப்பா வரும்போதெல்லாம் "என்ன? என்ன?" என்பார். காது மிஷின் வைத்தும் கேட்கவில்லையே என்று மிஷினைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், வெறும் கூரை என்றால் பேச்சு மோதி மோதித் திரும்புகிறது. நல்ல காதுக்கே அது தொந்தரவு, மிஷின் வைத்தவருக்குச் சொல்லே கலங்கிப்போகும். துணி இருந்தால் ஒலியை உறிஞ்சும். பழைய சுங்குடிச் சேலைகளில் நாலைத் திரைச்சீலையாகத் தைக்கக் கொடுத்தேன், கூலி 300. தரைக்குப் பவானி ஜமக்காளம், 1,800. காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில் குழித்தறியில் நெய்வது, புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறியில் வருவதையும் அதே பெயர் சொல்லி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். கைத்தறிச் சரக்கு கெட்டியாக, கனமாக இருக்கும். இரண்டும் வந்த பிறகு சித்தப்பா "என்ன?" சொல்வது பாதியாகக் குறைந்தது. பாதி குறையாததற்குக் காரணம் சித்தியிடம் பேச விருப்பமில்லாததுதான் என்று சித்தியே சொல்கிறார்.

கிழக்கு ஜன்னலைப் பீரோ மறைத்திருந்தது. பழைய மாணவர்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நகர்த்திக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால்தான் காற்று அறைக்குள் ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பதினான்கு மாதத்து டெட்டால் வாசனை அன்றுதான் போனது. ஜன்னலில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், ஒன்றரை வாரத்துக்குள் பறந்துவிடும். இது ஆறாம் வகுப்புப் பாடம், மறக்கக் கூடாது.

இனி கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அவர் படம்.

வாசலில் நுழைந்ததும் எதிரே, ஏழடி உயரத்தில், மாலை போட்டு, சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிய, பெரிய படம். கழுத்து வரை பொத்தான் போட்டு, கூட்டுறவுச் சங்க அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. உள்ளே வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டே படியேறி வந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் இருந்த இடத்தில் யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. அவர் சத்தம்தான் தெருமுனை வரை கேட்கும்.

படத்தைச் சாமி அறைக்கு வெளியே, கண் உயரத்துக்கு மாற்றினேன். நங்கை, அவருடைய அக்கா, வந்தார். பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "ஏம் புள்ள, எந்தம்பிய ஆசாரத்துல இருந்தே எடுத்துப்போட்டியா?" என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை. "உட்காருங்க நங்கை" என்று கைப்பிடி நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்தில் மேசை விளக்கடியில் சின்னதாக இன்னொரு படம் இருந்தது. பழைய மொபெட்டின் மேல் உட்கார்ந்து, முன்னால் ஒரு மூட்டை தக்காளி, வாயெல்லாம் பல்லாக அவர். உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரம், பிள்ளைகள் கரும்பலகை மாதிரி. நங்கை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது அந்த வருசம் தக்காளி கிலோ அம்பது பைசாவுக்கு வித்தப்ப எடுத்ததுதானே? வித்த காசுல பெட்ரோல் போடக் கட்டலன்னு பாதி மூட்டையத் திருப்பிக் கொண்டாந்தானே?" என்று ஆரம்பித்தவர், அவர் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் கிணற்றில் நீச்சலடித்ததுவரை சொன்னார். எனக்கே தெரியாத கதைகள். அழுதார், சிரித்தார், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பெரிய படத்தைப் பற்றி இன்னும் கோபம் தீரவில்லை. கருமாதிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டது அன்றுதான்.

அவருடைய சாய்வு நாற்காலி பரணில் கிடந்தது. புதுக் கித்தான் போட 450 ரூபாய். அதை நினைவுச் சின்னமாக வைக்கவில்லை. யார் வந்தாலும் சாயலாம். இப்போது அதற்குப் பேத்திக்கும் பேரனுக்கும் அடிதடி.

கடைசியாக உங்களைப் பற்றி ஒரு புகார். நீங்கள் யாருமே டீச்சர் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறீர்கள்! நாற்பத்தைந்து வயசு, தலையில் பாதி நரை, சொந்தமாகப் பட்டறை, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சோபாவைக் காட்டினால் "வேண்டாங் டீச்சர்" என்கிறான். ஜமக்காளம் வந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. போன மாசம் அந்த மாதிரி ஒருவன் வந்தான், பேர் சொல்ல மாட்டேன். "சரி, கீழ உக்காரு" என்று நானும் சாய்வு நாற்காலியை விட்டு இறங்கி ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். முட்டி திட்டியது, இருக்கட்டும். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம் பேசினான். முதல் ஒரு மணி நேரம் ஊர்க்கதை. அதன் பிறகு, தன் வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு கஷ்டத்தைச் சொன்னான். நான் ஒன்றும் பெரிய யோசனை சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது கேட்டில் நிற்கவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டான்.

ஷோகேஸ் மட்டும் இன்னும் முடியவில்லை. ஷீல்டு, பொம்மை, காது உடைந்த யானை எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் வகுப்புப் புகைப்படங்களை அங்கே வைக்கலாம் என்று எண்ணம். 1996-க்கு முந்தியவை என்னிடம் இல்லை, யாரிடமாவது இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. பவானி வழியாகப் போகிறவர்கள் யாராவது இருந்தால், ஆறுக்கு நாலு அளவில் இன்னொரு ஜமக்காளம் வாங்கி வாருங்கள். சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. வரும்போது பணம் கொடுத்துவிடுகிறேன். டீச்சரிடம் வாங்க மாட்டேன் என்ற பேச்சே கூடாது.