பழைய பெயரும் பழைய திறப்பும்

இணைய இணைப்பை ஒரு நிறுவனத்திடமிருந்து வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது இக்காலத்திலே பெரிய காரியமன்று. மாதக் கட்டணம் உயர்ந்துவிட்டதென மாற்றுவோரும் உளர். கண்ணாடியிழைக் கம்பி தம் ஒழுங்கைவரை வந்துவிட்டதென மாற்றுவோரும் உளர். படிவத்திலே கையொப்பமிட்டாற் சில நாட்களில் ஆட்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகின்றனர். சங்கடம் அவர்கள் படலை தாண்டிய பின்னரே தொடங்குகின்றது.

புதிய ரவுட்டர் புதிய பெயரோடும் புதிய கடவுச்சொல்லோடும் வருகின்றது. அவையிரண்டும் அதன் அடிப்புறத்திலே, மூக்குக்கண்ணாடி அணிந்தாலும் வாசிக்க இயலாத எழுத்திலே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் அவற்றைப் புகட்டியாக வேண்டும். எங்கள் வீட்டிலே எண்ணிப் பார்த்தேன். கைத்தொலைபேசிகள் நான்கு, கணினிகள் இரண்டு, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, வாயிற்புறத்துக் கமரா, அம்மாவின் ரப்லெட், ஆகப் பத்து.

அவற்றுள் ஒன்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பிள்ளைகள் தம்முடையவற்றைத் தாமே பார்த்துக்கொள்வர். அம்மாவின் நிலை வேறு. அவருக்கு வயது 82. காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து அண்ணா பேசுவார். அங்கே அப்பொழுது முதல்நாள் இரவு. பச்சைப் படத்தைத் தொட்டால் மகனுடைய முகம் தெரியும் என்பது மட்டுமே அம்மாவுக்குத் தெரிந்த கணினிக் கல்வி. ஒருநாள் முகம் தெரியாவிட்டால், இணைப்பிலே கோளாறு என்று அவர் எண்ணமாட்டார். மகனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பதே அவருடைய முதல் எண்ணமாயிருக்கும். நானோ அந்நேரம் பாடசாலைக்குப் புறப்பட்டிருப்பேன்.

இதற்கு வழி மிக எளியது. கைத்தொலைபேசிக்கும் ரப்லெட்டுக்கும் நாம் எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறோம் என்பது தெரியாது. ரவுட்டர் கறுப்போ வெள்ளையோ என்பதும் தெரியாது. அவை நினைவில் வைத்திருப்பவை வலையமைப்பின் பெயரும் அதன் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையுமே. ஆகவே புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையே சூட்டி, பழைய கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டால், கருவிகள் பழைய வீட்டுக்கே பழைய திறப்போடு வந்ததாக எண்ணி உள்ளே நுழைந்துவிடும். இணைப்புக் கொடுக்க வருபவரிடமே இதனைச் செய்து தரும்படி கேட்கலாம். சில நிமிட வேலைதான். பழைய ரவுட்டரைக் கழற்றுமுன் அதன் பெயரை எழுத்துப் பிசகாமற் பார்த்தெழுதி வைத்தல் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படும். புதியது ஓடத் தொடங்கியதும் பழையதை நிறுத்திவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டும் விழித்திருந்தால், சில கருவிகள் உயிரற்ற பழையதையே பற்றிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீட்டிலே அவ்வாறே செய்தோம். மறுநாட் காலை அம்மா பச்சைப் படத்தைத் தொட்டார், அண்ணா வந்தார். நிறுவனம் மாறியது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. வீட்டு வலைக்குத் தமிழிலே பெயர் வைத்தாலென்ன என்று மாணவனொருவன் வகுப்பிலே கேட்டான். வைக்கலாம், ஆனால் பெயருக்கு உள்ள இடம் 32 பைட் மட்டுமே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ எழுத்தும், அதனோடு சேரும் அரவும், மேலே வைக்கும் குற்றும் தனித்தனியே மும்மூன்று பைட் கேட்கும். யாழ்ப்பாணம் என்று எழுதினால் இவ்வகையிலே 11 குறிகள், 33 பைட். ஒரேயொரு பைட்டினால் யாழ்ப்பாணம் வாசலில் நின்றுவிட்டது! வவுனியாவுக்கு அத்தொல்லை இல்லை. கடவுச்சொல்லிலோ தமிழுக்கு இடமேயில்லை. எட்டு முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளுமே செல்லும்.

பெயரும் சொல்லும் சரியாயிருந்தும் சில கருவிகள் முரண்டு பிடிப்பதுண்டு. புதிய ரவுட்டர்கள் சில, 2018இல் வந்த டபிள்யூபிஏ 3 என்னும் பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி வைக்கப்பட்டிருக்கும். 2004இல் வந்த டபிள்யூபிஏ 2 மட்டும் அறிந்த பழைய தொலைக்காட்சிக்கு அது விளங்காது. இரண்டையும் ஏற்கும்படி மாற்றிவிட்டாற் போதும். மலிவான கமராக்களும் மின்குமிழ்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும், அவ்வலையை அணைத்துவிடலாகாது. நம் பழைய வீடுகளின் தடித்த சுவர்களை ஊடுருவுவதற்கும் 5 கிகாஹேர்ட்ஸைவிட அதுவே ஏற்றது. எங்கள் அச்சுப்பொறி வேறொரு காரணத்தாற் பிணங்கிற்று. பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1, புதியதன் முகவரி 192.168.8.1. பழைய வரிசையிலே நிலையான இலக்கம் கொடுக்கப்பட்டிருந்த அச்சுப்பொறியை ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இலக்கத்தை நீக்கி, ரவுட்டரே இலக்கம் வழங்கும்படி விட்டபின் அது அச்சடித்தது.

பழைய கடவுச்சொல்லை வைத்திருப்பதில் ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பழைய திறப்பைப் பெற்றவர் எல்லோரிடமும் அது இன்னும் இருக்கும். அது யார் யார் கைக்குப் போயிற்றென்று தெரியாதவர்கள் சிரமம் பாராது மாற்றிவிடுவதே நன்று. 2020இலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு நான் எங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். மதிலோரத்தில் நின்று அவர்கள் இன்றும் பழைய வினாத்தாள்களை இறக்கிக்கொள்வதுண்டு. அதில் எனக்கு முறைப்பாடு எதுவுமில்லை. ஆயினும் விருந்தினர் வலை என்று தனியாக ஒன்றைத் திறந்து, அவர்களை அதற்கு மாற்றிவிட எண்ணியிருக்கிறேன்.

பழைய ரவுட்டரைத் திருப்பிக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. வீட்டின் பெயரும் திறப்பும் அதற்குள் இன்னும் இருப்பதால் அப்படியே கொடுத்துவிடலாகாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில், பின்புறத்துச் சிறு துவாரத்தினுள் ஊசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடித்த பின்னரே அதனைப் பெட்டியில் இடுக.