உட்லண்ட்ஸ் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கிறது அடெல்ஃபி கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வணிக வளாகம்தான். ஆனால் சிங்கப்பூரில் ஹை-ஃபை பித்து பிடித்தவர்களுக்கு அது ஒரு புண்ணியத் தலம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தடித்த கம்பளம், நடுவில் ஒரு நாற்காலி, எதிரே ஆளுயர ஸ்பீக்கர்கள். கடைக்காரர் மெல்லிய குரலில் “உட்காருங்கள்” என்பார். அடுத்த ஐந்து நிமிடத்தில் பாடகர் நம் முன்னால் நின்று மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

அந்த ஸ்பீக்கரை வாங்கி, சிவப்பு ரயில் பாதை போகும் திசையிலேயே வடக்கே கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். யீஷூன், கென்பரா, செம்பவாங், அட்மிரல்ட்டி, பிறகு உட்லண்ட்ஸ். வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு இருபுறமும் வைத்து, அதே பாட்டைப் போடுகிறோம். மூச்சுவிட்ட பாடகரைக் காணவில்லை. மிருதங்கம் மட்டும் பக்கத்து அறையில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல் கேட்கிறது. ஸ்பீக்கர் அதேதான், பாட்டும் அதேதான். மாறியது இடம்.

இசைக்கருவிக்குச் செலவழிக்கும் பலரும் இடத்துக்குச் செலவழிப்பதில்லை. ஆனால் அதற்கு வேண்டியதெல்லாம் ஓர் அளவு நாடாவும், ஒட்டு நாடாவும், ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும்தான்.

எல்லையோர நகரின் வீடுகள்

உட்லண்ட்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சோதனைச் சாவடியும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலமும்தான். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தப் பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாரு. வடக்கு நோக்கிய உயர்மாடி வீடுகளில் இரவில் அக்கரை விளக்குகள் தெரியும். 1996இல் எம்ஆர்டி நிலையம் வந்தது. 2020 ஜனவரி 31இல் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் முதல் மூன்று நிலையங்கள் இங்குதான் திறக்கப்பட்டன.

இசை கேட்பவரின் கண்ணால் பார்த்தால் இந்த நகருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. விசாலமான பழைய எக்சிகியூட்டிவ் வீடுகளும், அடுத்தடுத்த இரு வீடுகளை இணைத்து உருவான ‘ஜம்போ’ வீடுகளும் உட்லண்ட்சில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடு கிடைத்தவர்கள் இசைக்கென்றே ஓர் அறையை ஒதுக்க முடியும். மற்ற எல்லாருக்கும் நான்கறை, ஐந்தறை வீவக வீடுதான். ஒரே கூடத்தில் தொலைக்காட்சி, சாமி மாடம், பிள்ளையின் படிப்பு மேசை, துணி காயப்போடும் கொடி, விருந்தினர் நாற்காலி. இவற்றுக்கு நடுவே ஸ்பீக்கருக்கும் இடம் வேண்டும்.

நண்பர் ஒருவர் அண்மையில் உட்லண்ட்சில் ஐந்தறை வீட்டுக்குக் குடிபோனார். நீண்ட நாள் சேமிப்பில் வாங்கிய ஸ்பீக்கர்களைக் கூடத்தில் வைக்க உதவிக்குக் கூப்பிட்டார். அங்கே செய்தவற்றை வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

அறையும் ஒரு வாத்தியம்

வீணைக்குக் குடம் எப்படியோ, ஸ்பீக்கருக்கு அறை அப்படி. எதிரெதிர் சுவர்களுக்கு இடையே சில தாழ்ந்த ஒலிகள் சிக்கிக்கொண்டு, சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் அடங்கியும் கேட்கும். கணக்கு எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதைச் சுவர்களின் இடைவெளியைப்போல் இரு மடங்கால் வகுத்தால், எந்த ஒலி சிக்கும் என்று தெரிந்துவிடும். 3 மீட்டர் இடைவெளி என்றால் 57 ஹெர்ட்ஸ். நம் வீடுகளின் 2.6 மீட்டர் கூரை உயரத்துக்கு 66 ஹெர்ட்ஸ்.

ஏறக்குறைய சதுரமான படுக்கையறை இசைக்கு ஏன் ஆகாது என்பதும் இதிலிருந்தே புரியும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் இரண்டு சோடிச் சுவர்களும் அதே 57 ஹெர்ட்சைப் பிடித்துக்கொள்கின்றன. பேஸ் கிதாரின் ஒரு சுரம் மட்டும் குண்டாக ஒலிக்க, அடுத்த சுரம் காணாமல் போகும். கதவு மூடிய அறை வசதிதான். இருந்தாலும் கூடமே மேல்.

நண்பரின் கூடத்தில், தொலைக்காட்சிச் சுவருக்கும் சோபாவுக்குப் பின்னாலுள்ள சுவருக்கும் இடையே மூன்றரை மீட்டர். ஒரு பக்கம் முழுக்கச் சன்னல் கண்ணாடி. மறுபக்கம் திறந்த சாப்பாட்டு இடம். தரை முழுக்க வழவழப்பான ஓடு. கைதட்டினால் ‘டிங்’ என்று ஓர் எதிரொலி. சிங்கப்பூரில் பாதிக் கூடங்கள் இப்படித்தான் இருக்கும்.

சென்டிமீட்டர்களின் விளையாட்டு

அமெரிக்க ஒலிக்கம்பிவட நிறுவனர் ஜார்ஜ் கார்டாஸ் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். ஸ்பீக்கரின் வூஃபர் பக்கச் சுவரிலிருந்து அறை அகலத்தில் 0.276 பங்கும், பின்சுவரிலிருந்து 0.447 பங்கும் தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டர் அகல அறைக்கு இது பக்கத்தில் 83 செ.மீ., பின்னால் 1.34 மீட்டர். தனி இசையறைக்கு அருமையான தொடக்கம். வீவக படுக்கையறையில் அப்படி வைத்தால் கட்டிலை ஜொகூருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சூத்திரத்தை எட்ட முடியாதபோது காதை நம்பலாம். வில்சன் ஆடியோ நிறுவனர் டேவிட் வில்சனால் பரவிய முறை ஒன்று இருக்கிறது. ஒருவர் ஸ்பீக்கர் வைக்கப்போகும் சுவரில் முதுகை ஒட்டி நின்று ஒரே சீராகப் பேச வேண்டும். பேசிக்கொண்டே மெல்ல முன்னால் நகர வேண்டும். இன்னொருவர் கேட்கும் இடத்தில் அமர்ந்திருப்பார். சுவரோரம் குரல் கனத்து, குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். நகர நகர ஓரிடத்தில் குரல் சட்டென்று தெளியும். தரையில் ஒட்டு நாடாவால் அங்கே ஒரு கோடு. எங்கள் வீட்டில் பேசியவர் நண்பரின் மகள். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே நடந்தாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் குரல் தெளிந்தது. அளந்து பார்த்தால் சுவரிலிருந்து 70 செ.மீ.

இதற்கும் காரணம் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு மோதி ஓரிடத்தில் அதையே அழித்துவிடும். 70 செ.மீ. இடைவெளியில் அந்தப் பள்ளம் 120 ஹெர்ட்ஸ் அருகே விழும். ஒரு மீட்டர் என்றால் 86. பள்ளத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஆண் குரல் மெலியாமலும் வீங்காமலும் கேட்கும் இடம் வரை இரண்டிரண்டு சென்டிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். பின்சுவர் இடைவெளியும் பக்கச்சுவர் இடைவெளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும்.

அடுத்தது முக்கோணம். இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் தலை வரை உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களை 2.2 மீட்டர் விலக்கி வைத்தோம். சோபாவைச் சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னால் இழுத்தோம். தலை வரை 2.37 மீட்டர் வந்தது, போதும். சோபாவை இழுத்ததில் இன்னொரு பயன், சுவரோரம் குவியும் பேஸ் ஒலி தலைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. ட்வீட்டர், அமர்ந்தவரின் காது உயரத்தில் இருக்கட்டும்.

கண்ணாடிச் சோதனையையும் விடாதீர்கள். சோபாவில் அமருங்கள். ஒருவர் சிறு கண்ணாடியைப் பக்கச் சுவரோரம் நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கிருந்துதான் முதல் எதிரொலி வருகிறது. சன்னல் பக்கம் தடித்த திரை, தரையில் ஒரு கம்பளம். எஸ்பிளனேட் கச்சேரி மண்டபத்திலும் இதே வேலைதான் பெரிய அளவில் நடக்கிறது. 2002இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்துக்கு ரஸ்ஸல் ஜான்சனின் ஆர்டெக் நிறுவனம் ஒலியமைப்பு செய்தது. நிகழ்ச்சிக்கு ஏற்ப மேடை மேலுள்ள விதானத்தை இறக்கலாம், ஒலி உறிஞ்சும் திரைகளை விரிக்கலாம். நம் கூடத்தில் திரையும் கம்பளமும் புத்தக அலமாரியும்தான் அந்த இயந்திரங்கள்.

சோதிக்க நம் பாட்டே போதும்

ஸ்பீக்கரைச் சரிபார்க்க வெளிநாட்டு ஜாஸ் இசைத்தட்டு வேண்டும் என்பதில்லை. டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா காலத்துப் பழைய திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். அவை பெரும்பாலும் மோனோ பதிவுகள். இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால் குரல் சரியாக நடுவில், வெற்றிடத்தில் நிற்க வேண்டும். இடமோ வலமோ சாய்ந்தால் ஒரு ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது, அல்லது ஒரு பக்கச் சுவர் அதிகம் எதிரொலிக்கிறது என்று பொருள்.

பிறகு ஸ்டீரியோ. தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோவின் தொடக்கம் என்று பேசப்படுவது 1978இல் வந்த இளையராஜாவின் ‘ப்ரியா’. சிங்கப்பூரிலேயே படமாக்கப்பட்ட படம் என்பதால் நமக்கு இரட்டை உறவு. வாத்தியங்கள் இரு பக்கமும் விரிகின்றனவா என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு கர்நாடக இசைக் கச்சேரியின் நேரடிப் பதிவு. வலக்கை வாசிப்பாளர் தம் வலந்தலையைச் சபைக்குக் காட்டி உட்கார்வதால், வழக்கமாக மிருதங்கம் நமக்கு இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்கும். மேடையை மாற்றாத பதிவில் இது தலைகீழாகக் கேட்டால் கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறீர்கள்.

ஒற்றை நாற்காலியும் குடும்ப சோபாவும்

இதுவரை எல்லாம் சுகம். அப்போதுதான் நண்பரின் அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். தரையெல்லாம் ஒட்டு நாடா. நடைவழியில் இரண்டு கறுப்புத் தூண்கள்.

“ஏம்பா, நடுவழியில கொண்டாந்து வச்சிருக்கீங்க? ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா எம்மேல விழாதா?”

“கேக்குறதுக்கு அதாம்மா சரியான எடம்,” என்றார் நண்பர்.

“யாருக்கு?” என்றார் அம்மா.

அந்த ஒரு சொல்லில் விஷயம் முழுவதும் இருந்தது. முக்கோணத்தின் உச்சி ஒருவருக்கு மட்டும்தான். பக்கத்து இருக்கை சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே அமர்பவருக்கு ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட அரை மீட்டருக்கு மேல் அருகில் வந்துவிடும். ஒலி ஒரு மில்லி விநாடிக்கு 34 செ.மீ. ஓடும். ஏறக்குறைய அந்த அளவு முந்தி வந்தாலே, காது முதலில் வந்த பக்கத்தையே நம்பிவிடும். நடுவில் அமர்ந்த மகனுக்குப் பாடகர் நடுவில் நிற்பார். ஓரத்தில் அமர்ந்த அம்மாவுக்கு அவர் வலது பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பார். தனி அறையில் தனியாகக் கேட்பவருக்கு இது பிரச்சினை இல்லை. நம் வீடுகளில் பாட்டு கூடிக் கேட்பது.

இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. வழக்கமாக ஸ்பீக்கர்களை நடுவில் இருப்பவரின் முகத்தை நோக்கியோ, தலைக்குச் சற்றுப் பின்னாலோ திருப்பி வைப்பார்கள். அதைவிட அதிகம் திருப்புங்கள். இரண்டின் பார்வையும் சோபாவுக்கு 30, 40 செ.மீ. முன்னாலேயே குறுக்கிட்டுக்கொள்ளட்டும். இப்போது வலப்பக்கம் அமர்ந்தவரை நேராகப் பார்ப்பது தூரத்திலுள்ள இடது ஸ்பீக்கர். அருகிலுள்ள வலது ஸ்பீக்கர் அவரைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். அருகிலுள்ளது முந்தி வந்தாலும் சற்று அடங்கி வரும், தூரத்திலுள்ளது பிந்தினாலும் ஓங்கி வரும். முழுச் சமன் கிடைக்காவிட்டாலும் குரல் மறுபடி நடுப்பக்கம் நகரும். நடுவில் இருப்பவருக்குத் துல்லியம் கொஞ்சம் குறையும். மூன்று பேர் சேர்ந்து கேட்பதற்கு அது பெரிய விலையில்லை.

தண்ணீர் குடிக்கப் போகும் வழிக்கும் தீர்வு கிடைத்தது. ஸ்பீக்கர்களின் அடியில் வழுக்கும் ஃபெல்ட் ஒட்டிகள். தரையில் இரண்டு சோடிக் குறிகள். சுவரோரம் உள்ளது வீட்டுக் குறி, முன்னால் உள்ளது பாட்டுக் குறி. கேட்கும்போது இழுத்துக்கொள்வது, முடிந்ததும் தள்ளிவிடுவது. மூலையில் ஒட்டிய நாடா இருப்பதால் தரை துடைத்த பிறகும், தீபாவளிக்கு விருந்தினர் வந்து போன பிறகும் ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

சுவருக்கு அப்பால்

கடைசியாக ஒரு சொல், அண்டை வீட்டாருக்காக. பேச்சொலியைக் கான்கிரீட் தடுக்கும். பேஸ் ஒலியை அது கடத்திவிடும். சப்வூஃபரைத் தரையில் நேராக வைக்காமல் அதிர்வு தாங்கும் அட்டைமேல் வையுங்கள். அண்டை வீட்டுச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாகப் பரிந்துரைத்திருக்கிறது. சரியான இடத்தில் வைத்த ஸ்பீக்கருக்கு இதிலும் ஆதாயம் உண்டு. தெளிவு கூடிவிட்டால் ஒலியைக் கூட்டத் தோன்றாது.

அன்று மாலை சோபாவில் நடு இடம் நண்பருடைய அம்மாவுக்குப் போனது. சுசீலா பாடி முடித்ததும் தொலையியக்கியைக் கேட்டு வாங்கி, ஒலியை இரண்டு படி குறைத்தார். “போதும், நல்லாக் கேக்குது,” என்றார்.